எண்ணெய் படக்கூடாத இடம்

(இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

எண்ணெய் என்றாலே நன்மை என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். கதவுக் கீல் முனகினால் எண்ணெய். கிணற்று உருளை கத்தினால் எண்ணெய். தையல் எந்திரம் இறுகினால் எண்ணெய். சனிக்கிழமை வந்தால் நம் தலைக்கும் எண்ணெய். என் பாட்டனார் மாட்டு வண்டி ஓட்டியவர். அச்சுக்கு மை போடாமல் ஒரு நாளும் அவர் வண்டியைக் கிளப்பியதில்லை என்று அப்பா சொல்வார். "சத்தம் போட்டா எண்ணெய் கேக்குதுன்னு அர்த்தம்" என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்து வரும் பாடம். ஏட்டில் எழுதாத பாடமாயினும் எழுபது ஆண்டுகளாக எங்களைக் கைவிடாத பாடம்.

அந்தப் பாடம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் செல்லாது. அந்த இடம் மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக். இதை நான் வகுப்பறையில் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என் தந்தையின் முழங்காலில் போட்ட தையலைப் பார்த்த பிறகே கற்றுக்கொண்டேன். நம் கல்லூரிக்கு வண்டியில் வரும் நண்பர்கள் பலர். ஆகவே நான் பட்டதை அவர்கள் படாதிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நடந்தது என்ன?

என் தந்தை பால் வியாபாரம் செய்பவர். ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியுமுன் பால் கறக்கும் வீடுகளுக்குச் சென்று, வண்டியின் இரு புறமும் தொங்கும் கேன்களில் பாலை வாங்கிக்கொண்டு, திருவில்லிபுத்தூரில் கொண்டுபோய்க் கொடுப்பார். பால்கோவாவுக்குப் பெயர் பெற்ற ஊரல்லவா, பாலுக்கு என்றும் தேவை உண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். மேற்கே மலை கூடவே வரும் சாலை. வண்டி பழையதாக வாங்கியது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை அன்று வண்டியைத் துடைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். செயினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் போட்டேன். முன் டிஸ்க் சில நாள்களாகக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. விளிம்பில் பழுப்புக் கறையும் தெரிந்தது. குலப் பாடம் நினைவுக்கு வந்தது. துருவை நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை டிஸ்க்கின் இரு புறமும் நன்றாக அடித்து, செயின் துடைத்த அதே பஞ்சுக் கழிவால் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி போல் மின்னியது, சத்தமும் நின்றது. மாலையில் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியைப் பூஜித்தோம். அப்பாவின் முகத்தில் ஒரு பெருமிதம்.

மறுநாள் விஜயதசமி. அதிகாலை நான்கரை மணிக்கு அப்பா புறப்பட்டார். திருவில்லிபுத்தூரை நெருங்கும் வேளையில் சாலைக்குக் குறுக்கே ஆடுகள் வந்துவிட்டன. பிரேக் பிடித்திருக்கிறார். பிடி வழக்கம் போல் கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை. வேறு வழியின்றிச் சாலையோரப் புழுதியில் இறக்கி விழுந்தார். நல்லவேளையாக வேறெவருக்கும், எந்த ஆட்டுக்கும், காயமில்லை. அப்பாவுக்கு முழங்காலில் ஐந்து தையல். கேன் இரண்டும் கவிழ்ந்து, இருந்த பாலெல்லாம் மண்ணில் போயிற்று. நான்கு நாள் வருமானமில்லை.

வண்டியைப் பழுது பார்க்கும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் பிரேக் பேடுகளைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். "தம்பி, டிஸ்க்குல என்ன போட்ட?" என்றார். சொன்னேன். "காலேஜ்ல என்ன படிக்கிற?" என்றார். "பிசிக்ஸ் அண்ணாச்சி" என்றேன். "அதுல உராய்வு வராதா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

வரும். வந்தது. அந்தப் பருவத் தேர்வில் உராய்வுக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். சாய்தளத்தில் மரக்கட்டை வழுக்கும் கணக்கை ஐந்து நிமிடத்தில் போட்டவனுக்கு, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் அதே கணக்கு ஓடுகிறது என்று தெரியவில்லை. விஜயதசமி அன்று தொடங்கும் கல்வி நிலைக்கும் என்பர். எனக்கு உராய்வுப் பாடம் உண்மையில் அன்றுதான் தொடங்கியது.

டிஸ்க் பிரேக் வேலை செய்யும் விதம்

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் எஃகு வட்டே டிஸ்க். அதை இரு புறமும் கவ்வி நிற்கும் கவ்விக்குக் கேலிப்பர் என்று பெயர். அதனுள் உராய்வுப் பொருள் ஒட்டிய இரு தகடுகள் உள்ளன, அவையே பேடுகள். கைப்பிடியை அழுத்தும்போது ஒரு சிறிய உருளையில் உள்ள பிரேக் திரவம் அழுத்தப்படுகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியின்படி, அந்த அழுத்தம் குழாய் வழியே சென்று கேலிப்பரில் உள்ள பெரிய உந்துதண்டைத் தள்ளுகிறது. பேடுகள் டிஸ்க்கை இரு புறமும் நெருக்குகின்றன. நம் இரண்டு விரல் விசை பல மடங்காகி டிஸ்க்கின் மேல் விழுகிறது.

ஆனால் நெருக்குவதால் மட்டும் வண்டி நின்றுவிடாது. நெருக்கும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைப்பதே தடை விசை. பேடுக்கும் சுத்தமான டிஸ்க்குக்கும் இடையே இக்குணகம் ஏறத்தாழ 0.4 அளவில் இருக்கும். இடையில் எண்ணெய்ப் படலம் புகுந்தால் இது வெகுவாகக் குறைந்துவிடும். பிடியின் அழுத்தம் மாறுவதில்லை, திரவம் மாறுவதில்லை; பெருக்கப்படும் எண் மட்டும் சிறுத்துப் போகிறது. அப்பாவின் கைக்குப் பிடி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போன மர்மம் இதுதான். குழாயில் காற்று புகுந்திருந்தால் பிடி பஞ்சு போல் அமுங்கியிருக்கும்; அது வேறு நோய்.

இந்தப் பிரேக்கின் வரலாறும் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய செம்புப் பட்டைகள் உலோகத்தின் மேல் உராய்ந்து காது கூசும்படி கத்தினவாம். அரை நூற்றாண்டு கழித்து, 1953-இல் பிரான்சு நாட்டின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. 1969-இல் ஹோண்டா நிறுவனத்தின் சிபி750 மோட்டார் சைக்கிள் முன் சக்கரத்தில் திரவ டிஸ்க் பிரேக்குடன் வெளிவந்தது. இன்று நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் வண்டிகள் பலவற்றில் அதைக் காணலாம்.

ஒரு சிறு கணக்கு

அப்பாவின் வண்டி, அப்பா, நாற்பது லிட்டர் பால், கேன்கள் எல்லாம் சேர்ந்து 240 கிலோ என்று கொள்வோம். வேகம் மணிக்கு 54 கி.மீ., அதாவது வினாடிக்கு 15 மீட்டர். இயக்க ஆற்றல் 27,000 ஜூல். பிரேக் பிடிக்கும்போது இந்த ஆற்றல் எங்கும் மறைந்துவிடுவதில்லை. பேடும் டிஸ்க்கும் உராய்ந்து வெப்பமாக மாறுகிறது. ஒரு கிலோ எடையுள்ள எஃகு வட்டு இதை முழுவதும் ஏற்றால், ஒரே தடவையில் அதன் வெப்பநிலை ஐம்பது டிகிரிக்கு மேல் உயரும்.

இப்போது தூரத்தைப் பார்ப்போம். நல்ல பிரேக் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்றால், வண்டி 22.5 மீட்டரில் நின்றுவிடும். எண்ணெய் பட்டுத் தடை விசை பாதியானால், நிற்க 45 மீட்டர் வேண்டும். "இரண்டு பேருந்து நீளம்தானே கூடுகிறது" என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல பிரேக் உள்ள வண்டி நின்றிருக்க வேண்டிய அதே 22.5 மீட்டர் இடத்தைக் கெட்ட பிரேக் உள்ள வண்டி என்ன வேகத்தில் கடக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 38 கி.மீ.! முதலாவது வண்டி ஆட்டின் முன் அசையாமல் நிற்கும் இடத்தில், இரண்டாவது வண்டி மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் போய் மோதும். இந்த விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய இரு சக்கர வண்டிகளில், 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் அமைப்பும், அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தது இரு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. "என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது, எனக்கென்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். சக்கரம் இறுகி வழுக்கிவிடாமல் காப்பதே ஏபிஎஸ்ஸின் வேலை. இருக்கின்ற உராய்வை அது ஒழுங்காகப் பயன்படுத்தும். இல்லாத உராய்வை உண்டாக்காது.

எண்ணெய் வரும் வழிகள்

முதல் வழி நம் கை. நான் செய்தது போல் டிஸ்க்கின் மேல் நேரே எண்ணெய் விடுவோர் குறைவுதான் எனினும், எண்ணெய்க் கையால் டிஸ்க்கைத் தொடுவோர் பலர். விரலில் இயல்பாக உள்ள பிசுக்கு கூட நல்லதன்று.

இரண்டாவது செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே. பல வண்டிகளில் செயின் இடப்புறமும் பின் டிஸ்க் வலப்புறமும் இருப்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் ஸ்பிரேயின் புகை போன்ற நுண்துளிகள் சக்கரத்தின் இடைவெளி வழியே மறுபுறம் சென்று படியும். அளவுக்கு மிஞ்சி எண்ணெய் விட்டால், சக்கரம் சுழலும்போது அது தெறித்து டயரிலும் ரிம்மிலும் விழும்.

மூன்றாவது பாலீஷ். பூஜை நாள்களிலும் திருமண நாள்களிலும் வண்டி மினுங்க வேண்டும் என்று டேங்குக்கும் டயருக்கும் அடிக்கும் பாலீஷ் காற்றில் பறந்து டிஸ்க்கில் படியும். டயரின் தரை படும் பகுதியில் பாலீஷ் போடுவது அதைவிடக் கொடிது. பக்தியோடு வைக்கும் சந்தனமும் டேங்கில் இருக்கட்டும், முன் விளக்கில் இருக்கட்டும், டிஸ்க்கில் வேண்டாம்.

நான்காவது டீசல், மண்ணெண்ணெய் கொண்டு எஞ்சினைக் கழுவும் வழக்கம். அழுக்கை நீக்கும் இவை உலர்ந்த பின்னும் மெல்லிய பிசுக்கை விட்டுச் செல்லும்.

ஐந்தாவது வழியில் நம் தவறு எதுவும் இல்லை. முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் தேய்ந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்து கீழே இறங்கி, நேரே கேலிப்பரை அடையும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வழுவாமல் செய்யும் முறை

என் தாயார் ராஜபாளையத்தில் நூல் ஆலையில் வேலை பார்ப்பவர். ஆலையில் எந்திரங்களுக்கு எண்ணெய் வேண்டும். ஆனால் நூலில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் கறை நூல் என்று ஒதுக்கிவிடுவார்களாம். "எண்ணெய்த் துணி வேற, நூல் பக்கம் போற துணி வேறய்யா. இது கூடவா தெரியாது?" என்றார் அம்மா. நான் புத்தகங்களில் தேடிய முறை அம்மாவின் வாயிலிருந்து வந்தது. அதையே அடிப்படையாகக் கொண்டு நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கு இது.

வண்டி ஓடி வந்தவுடன் கழுவக்கூடாது. டிஸ்க் சூடாக இருக்கும். தொட்டால் கை சுடும், சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் வட்டு கோணிப்போகவும் கூடும். எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆறவிட வேண்டும். முதலில் தண்ணீரும் சோப்பும் கொண்டு வண்டியைக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவினால், நீரைக் கேலிப்பரின் மேல் நேரே பீய்ச்சவிடக் கூடாது.

அடுத்து செயின் வேலை. அதற்கு முன், டிஸ்க்கையும் கேலிப்பரையும் சேர்த்து ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் வளையம் போட வேண்டும். வண்டிச் சாவியையும் அந்தப் பையிலேயே போட்டுவிடுவது என் வழக்கம். பையை எடுக்காமல் வண்டியைக் கிளப்ப முடியாதல்லவா? செயினைச் சுத்தம் செய்து உலர்த்திய பின், கீழ்ப்புறச் செயினின் உள் பக்கத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். விரலை இழந்தவர்கள் உண்டு. ஸ்பிரேயாக இருந்தால் செயினுக்குப் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து, மிகுந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது செயினின் இணைப்புகளுக்குள்ளே; வெளியே வழிவது தூசியைப் பிடிக்கவும் தெறிக்கவுமே உதவும்.

இதன் பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, கடைசியாக டிஸ்க்குக்கு வர வேண்டும். பழைய துணி கூடாது. எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியில் புதிதாக ஒரு துண்டு எடுத்து, பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து இரு புறமும் துடைக்கிறேன். துணி கறுத்தால் வேறு துண்டு. இவை எளிதில் தீப்பற்றுபவை. பூஜை விளக்குக்கு அருகில் இவ்வேலை வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய கை சுத்திகரிப்பான் வீட்டில் மீதம் இருக்கலாம். அதிலும் ஆல்கஹால்தானே என்று அதைப் பயன்படுத்தக் கூடாது; தோல் வறளாமலிருக்கச் சேர்க்கும் கிளிசரின் போன்றவை டிஸ்க்கில் தங்கிவிடும். பேடிலிருந்து உதிர்ந்த தூசியை வாயால் ஊதுவதும் நல்லதன்று; அது மூச்சுக்குக் கேடு.

எல்லாம் முடிந்த பின், வண்டியை மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்க்காமல் பெரிய சாலைக்குச் செல்லக் கூடாது. கழுவிய நீரின் ஈரத்தால் முதல் பிடி சற்று மந்தமாக இருக்கலாம். அது தண்ணீரானால் நாலைந்து பிடியில் போய்விடும். போகாவிட்டால் அது எண்ணெய்.

பட்டுவிட்டால் என் செய்வது?

டிஸ்க்கில் பட்ட எண்ணெயைத் துடைத்துவிடலாம்; அது வழவழப்பான எஃகு. பேடு அப்படியன்று. இழைகளும் உலோகத் துகள்களும் பிசினால் பிணைக்கப்பட்ட நுண்துளைப் பொருள் அது. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தாலும், பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வரும். மேற்பரப்பில் மட்டும் சிறிது பட்டிருந்தால், கழற்றி, சமதளத்தில் உப்புத்தாள் வைத்து இலேசாகத் தேய்த்துப் பார்ப்பார்கள். ஊறியிருந்தால் மாற்றுவதே வழி. இரண்டு பேடுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். அடுப்பில் சுட்டெடுக்கலாம் என்று கைப்பேசி வீடியோக்களில் காட்டுகிறார்கள். பிசினால் பிணைத்த பொருளைத் தீயில் வாட்டிவிட்டு அதன் மேல் உயிரை ஏற்றுவதைவிட, புதிய பேடு வாங்குவது மேல். எங்கள் வண்டிக்கு அதன் விலை, அன்று மண்ணில் கொட்டிய பாலின் விலையைவிட மிகக் குறைவு.

அப்படியானால் கத்துகின்ற டிஸ்க்கை என்ன செய்வது? மெக்கானிக் அண்ணாச்சி இதற்கும் விடை சொன்னார். பேடு தேய்ந்திருக்கலாம், தூசி அடைந்திருக்கலாம், கேலிப்பரின் ஊசி இறுகியிருக்கலாம். அந்த ஊசிக்கு மட்டும் உரிய கிரீஸ் உண்டு; அதைத் தெரிந்தவர் போட வேண்டும். எங்கள் வண்டியில் பேடு தேய்ந்துதான் கத்தியிருக்கிறது. "மாத்துங்க" என்று அது கேட்டதை, "எண்ணெய் விடுங்க" என்று நான் புரிந்துகொண்டேன்.

நிறைவாக

எந்திரத்தில் உராய்வு எங்கும் பகையன்று. அச்சிலும் செயினிலும் அது பகை. அங்கே எண்ணெய் விட்டு அதை வெல்கிறோம். பிரேக்கிலும் டயரிலும் அதுவே நம் காவலன். அங்கே எண்ணெய் விடுவது காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுப்பது போலாகும். எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுக்குமுன், "இந்த இடத்தில் உராய்வு வேண்டுமா, வேண்டாமா?" என்று ஒரு வினாடி கேட்டுக்கொண்டால் போதும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டில் நான் சொன்னால் மறுபேச்சில்லை. "படிச்ச பிள்ளை செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று நம்பித்தான் அப்பா அன்று பிரேக்கைச் சோதித்துப் பார்க்காமலே புறப்பட்டார். மருத்துவமனையில் தையல் போடும்போது நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "விடுய்யா, நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்ச" என்றார். ஒரு திட்டு விழுந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

படித்தவன் சொல்லை வீடு கேள்வி கேட்காமல் ஏற்கிறது. ஆகவே, கேள்வி கேட்கும் கடமை நம்முடையதாகிறது. வகுப்பில் வாங்கும் மதிப்பெண் வாசலில் நிற்கும் வண்டி வரையாவது வர வேண்டும். இப்போதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வண்டியை நான்தான் துடைக்கிறேன். துணி இரண்டு. சோதனை ஓட்டம் ஓட்டிவிட்டுச் சாவியை நீட்டினால், அப்பா ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்.